எடையும் உடலும் – 9: இரவில் எழுப்புவது எது?

ஐம்பதைத் தாண்டிய ஆண் இரவில் மூன்று முறை எழுந்து பாத்ரூமுக்குப் போனால், வீட்டில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "வயசாச்சு, ப்ராஸ்டேட்டா இருக்கும்." பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் பெல்ட்டுக்கு மேலே சரிந்து நிற்கும் தொப்பையை யாரும் சந்தேகிப்பதில்லை.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீர்ப்பையை மேலிருந்து அழுத்துகிறது. அதோடு, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சிறுநீரில் இறங்கும் குளுக்கோஸ் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குறட்டையோடு மூச்சு அடைபட்டுத் தூங்குகிறவர்களுக்கோ, இதயத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன் நடுராத்திரியில் சிறுநீரைக் கூட்டிவிடும்.

எடை குறைந்தால் இந்தத் தொல்லையும் குறையுமா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஜோன் கூ, கேரி விட்டர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். உடற்பருமனும் டைப் 2 சர்க்கரை நோயும் உள்ள 31 ஆண்கள். 19 பேருக்கு உணவுக்குப் பதிலான பானங்களை வைத்து ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி. மற்ற 12 பேருக்கு வழக்கமான உணவுதான். ஆனால் அதில் புரதம் கூட்டி, கொழுப்பையும் மாவுச்சத்தையும் குறைத்து, தினமும் சாப்பிடுவதிலிருந்து சுமார் 600 கலோரியை வெட்டினார்கள். எட்டு வாரத்தில் முதல் குழு ஏறக்குறைய 10 சதவீத எடையை இழந்தது, இரண்டாவது குழு 5 சதவீதம்.

சிறுநீர்த் தொல்லையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போகிறீர்களா? விட்டு விட்டு வருகிறதா? அடக்க முடியவில்லையா? வேகம் குறைந்துவிட்டதா? முக்க வேண்டியிருக்கிறதா? இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழுக்குள் இருந்தால் லேசானது, 20ஐத் தொட்டால் கடுமையானது. அடிலெய்டில் இரண்டு குழுவுக்குமே இந்த மதிப்பெண் இறங்கியது. 5 சதவீதம் மட்டுமே குறைத்தவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். நூறு கிலோ மனிதருக்கு அது ஐந்து கிலோ. ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்ததும் புரதக் குழுவுக்குத்தான்.

ஆய்வு சிறியது, டயட்டே இல்லாத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவும் இல்லை. இதை நம்பி யாரும் ப்ராஸ்டேட் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. ஜிம்மில் யாரோ சொன்னார் என்று மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ டயட்டில் திடீரென்று இறங்குகிறவர்களுக்கு யூரிக் அமிலம் ஏறலாம், சிறுநீரகக் கல்லும் வரலாம். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பு. பகலில் நன்றாகக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொண்டால் போதும். புரதம் கூட்டுவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை அவசியம். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அந்த டயட் ஆகாது. இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை வெட்டினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழ நேரலாம்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூட இறங்காமல் அடிவயிறு வீங்கினாலோ, எடை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.