பிஞ்சுக் கைக்கேற்ற பண்டங்கள்

ஆறு மாதம் நிறையும் தறுவாயில் குழந்தை எதையும் உள்ளங்கையால் வளைத்தே பிடிக்கிறது. விரல்களைத் தனித்தனியாக இயக்க அதற்கு இன்னும் கைவரவில்லை. பிடித்த பொருள் முஷ்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால்தான் அதைக் கடிக்கவோ சப்பவோ முடியும். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டால் வாய்க்கு எட்டாது. ஒன்பதாம் மாதவாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றுசேர்ந்து, பாயில் கிடக்கும் ஒற்றைப் பருக்கையையும் பொறுக்கிவிடும். கையால் எடுத்துத் தின்னும் உணவை எந்த வடிவத்தில் தருவது என்பதைக் கையின் இந்த வளர்ச்சிதான் முடிவு செய்கிறது. ஆறு மாதத்தில் பெரியவரின் சுண்டுவிரல் நீளத்துக்குத் துண்டுகள். ஒன்பது மாதம் கடந்ததும் பட்டாணி அளவுக்குச் சிறு துண்டுகள். சிறிய குழந்தைக்குச் சிறிய துண்டுதான் பத்திரம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். தொடக்க மாதங்களில் நிலைமை நேர் எதிரானது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 6 முதல் 8 மாதம்வரை நாளுக்கு 2 அல்லது 3 வேளையும், 9 மாதத்திலிருந்து 3 அல்லது 4 வேளையும், இடையே தேவைப்பட்டால் ஓரிரு சிற்றுணவும் போதும். இணை உணவைத் தொடங்க மாதக்கணக்கு மட்டும் போதாது. கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும். சிறு துணையோடு நிமிர்ந்து உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கரண்டியால் ஊட்டுவதை அறவே விட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்தே குழந்தையின் கையில் உணவைக் கொடுக்கும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் பரவலாகியிருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜில் ராப்லி 2008இல் ட்ரேசி மர்கெட்டுடன் சேர்ந்து எழுதிய புத்தகம் அதற்குப் பெரும் காரணம். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மசித்த பருப்புச் சாதத்தைப் பாட்டி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் கையில் ஒரு வேகவைத்த பூசணித் துண்டு இருக்கலாம். வயிறு நிறைவது பாட்டியின் கையால், பழகுவது தன் கையால் என்று இரண்டும் சேர்ந்து நடப்பது தமிழ் வீடுகளுக்குப் பொருத்தமான வழி.

எந்தத் துண்டையும் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினால் அது மசிய வேண்டும். பல் முளைக்காத ஈறுக்கு இந்த மென்மை போதும். இட்லிப் பானை வைத்திருக்கும் வீட்டில் இதற்குத் தனிப் பாத்திரம் எதுவும் தேவைப்படாது. கேரட், பீட்ரூட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவற்றை விரல் நீளத்துக்கு நறுக்கி இட்லித் தட்டில் பரப்பி ஆவியில் வேகவிடலாம். பரங்கிக்காய் சீக்கிரம் வெந்துவிடும். கேரட்டுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் காய் நீர்கோத்துக் கையிலேயே உடையும், சத்தும் தண்ணீரோடு போகும். நேந்திரம் பழத்தைத் தோலோடு வேகவைத்து, நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள கறுத்த நரம்பை எடுத்துவிட்டுக் கொடுப்பது மலையாள வீடுகளிலும் குமரி மாவட்டத்திலும் பழகிய வழக்கம். பப்பாளி, மாம்பழம், வெண்ணெய்ப்பழம் போன்றவை கையில் வழுக்கும். அவற்றின் மேல் பொட்டுக்கடலை மாவை லேசாகத் தூவிப் புரட்டினால் பிடி கிடைக்கும்.

இட்லி மிக நல்ல தொடக்கம். ஓர் இட்லியை நான்கு பட்டையாக நறுக்கினால் ஆறு மாதக் கைக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஆறிப்போன இட்லி வாயில் மாவாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே சூடு தணிந்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். நெய்யோ தயிரோ தடவி ஈரமாக்கினால் இன்னும் எளிது. இட்லி மாவில் உப்புச் சேர்ப்பதற்கு முன்பே குழந்தைக்கென ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவது நல்லது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 1 கிராம் உப்புகூடத் தேவையில்லை. அதன் பெரும்பகுதி பாலிலும் இயல்பான உணவிலுமே கிடைத்துவிடுகிறது. சர்க்கரைக்கும் அந்த வயதில் வேலை இல்லை. வெல்லமும் கருப்பட்டியும் இந்த விஷயத்தில் சர்க்கரைக்கு மாற்று ஆகா. தேனை 12 மாதம் முடியும்வரை நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். அவை கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

காயும் பழமும் இட்லியும் மட்டுமே கொடுத்துவந்தால் ஒரு பெரிய குறை நேரும். தாயிடமிருந்து பெற்றுவந்த இரும்புச்சத்தின் இருப்பு ஆறு மாதவாக்கில் குறையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. கையில் கொடுக்கும் உணவில் இரும்பு இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்த இந்த ஒரு எண் போதும். முட்டையை நன்றாக வேகும்படி தடிமனான ஆம்லெட்டாகச் செய்து பட்டையாக நறுக்கலாம். குழைய வெந்த கோழிக்கறியை நார் நாராகப் பிரித்தோ, கொத்துக்கறியைச் சிறு வடை போலத் தட்டி வேகவைத்தோ தரலாம். மீனை விரல்களுக்கிடையே நசுக்கி உதிர்த்தால்தான் ஒளிந்திருக்கும் முள் தட்டுப்படும்; அதன்பின் உருளைக்கிழங்கோடு பிசைந்து நீள உருட்டலாம். சைவ வீடுகளுக்குப் பயறு வகைகளே துணை. ஊறவைத்து முளைகட்டிய பச்சைப்பயறை அரைத்து, முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து மெத்தென்று அடை வார்த்தால் அருமையான பட்டைகள் கிடைக்கும். முளைகட்டுவதாலும் மாவு புளிப்பதாலும் தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் குறைந்து இரும்பு உடலில் சேர்வது கூடுகிறது. கூடவே ஒரு சுளை ஆரஞ்சோ கனிந்த தக்காளியோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி மேலும் உதவும்.

குழந்தை கையால் சாப்பிடத் தொடங்கும்போது பெற்றோரைக் கலங்கடிப்பது ஓங்கரிப்பு. குழந்தைகளுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கின் முற்பகுதிக்கு அருகே இருப்பதால், சற்றுப் பெரிய கவளம் போனாலே முகம் சிவந்து, இருமி, உணவை முன்னே தள்ளும். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை காற்று போய்வருகிறது. புரையேறி மூச்சு அடைபடுவது வேறு. அப்போது அழுகையோ இருமலோ சரியாக வெளிவராது, உதடு நீலம் பாயும். விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவே 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும்வரை மாறி மாறிச் செய்தபடியே 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். ஒரு வயதைக் கடந்தவர்களுக்கு முதுகில் தட்டுவதோடு வயிற்றுப் பகுதியை உள்ளும் மேலுமாக அழுத்தும் முறை உண்டு. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்தாமல், குழந்தை மருத்துவரிடமோ முதலுதவிப் பயிற்சியிலோ ஒருமுறை நேரில் பார்த்துச் செய்து பழகுவது ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை.

குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் பருமன்தான். அதை அடைக்கக்கூடியவை உருண்டையாகவோ வழுக்குவதாகவோ கெட்டியாகவோ இருக்கும். முழு வேர்க்கடலை, முந்திரி, வறுத்த பட்டாணி, சோளப்பொரி, கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட், முழு திராட்சை ஆகியவை முன்வரிசையில் வருகின்றன. கடைவாய்ப் பற்கள் எல்லாம் முளைக்கவே இரண்டரை வயதாகிவிடுகிறது. அரைத்து மெல்லப் பழக அதற்கு மேலும் காலம் பிடிக்கும். அதனால் முழுக் கொட்டைகளை நான்கு, ஐந்து வயதுவரை தள்ளிவைக்க வேண்டும். மிக்சர் கிண்ணத்தைத் தவழும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் வைப்பது மிகுந்த ஆபத்து. திராட்சையைக் குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும். நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். சிறு கிண்ணங்களில் வரும், கொஞ்சாக்கு என்ற கிழங்கில் செய்த ஜெல்லியை ஐரோப்பிய ஒன்றியம் மூச்சை அடைக்கும் என்ற காரணத்துக்காகவே தடை செய்திருக்கிறது.

முழு வேர்க்கடலை கூடாது என்பதால் வேர்க்கடலையே கூடாது என்றாகாது. இஸ்ரேலில் குழந்தைகள் கையில் எப்போதும் காணப்படும் பண்டம் ‘பம்பா’. சோளமாவில் வேர்க்கடலைப் பசை சேர்த்துப் பொரித்தாற்போல் உப்பவைத்த, வாயில் கரையும் துண்டு அது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளைவிட இஸ்ரேலியக் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருப்பதை லண்டன் மருத்துவர் கிடியன் லாக் குழுவினர் 2008இல் கவனித்தனர். அதைத் தொடர்ந்து, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2015இல் வெளிவந்தது. ஒரு வயதுக்கு முன்பே தொடங்கித் தொடர்ந்து வேர்க்கடலை உண்ட குழந்தைகளிடம் ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாக இருந்தது. பல நாடுகள் தம் ஆலோசனைகளை மாற்றிக்கொண்டது அதன் பிறகுதான். வறுத்து மைய அரைத்த வேர்க்கடலையை இட்லிப் பட்டையில் மெலிதாகத் தடவிக் கொடுக்கலாம். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஒரு வயது தாண்டியதும் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. நேற்றுவரை எல்லாவற்றையும் வாயில் போட்ட குழந்தை, இப்போது புதிய உணவைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறது. ஒரு காயைப் பத்துப் பதினைந்து முறை பார்த்துத் தொட்டுப் பழகிய பிறகே ஏற்கும் குழந்தைகள் ஏராளம். தட்டில் தெரிந்த பண்டம் ஒன்றும் அதனருகே புதியதில் ஒரு சிறு துண்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே பலன் தரும். அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களிலும் 30களிலும் நடத்திய நீண்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. பால்குடி மறக்கும் குழந்தைகளின் முன்னே கிண்ணங்களில் உணவுகளை வைத்து, எதை எவ்வளவு உண்பது என்பதை அவர்களிடமே விட்டார். வேளைக்கு வேளை விநோதமாகச் சாப்பிட்டாலும் அவர்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். பட்டியலில் இருந்த 34 பண்டங்களும் எளிய, பதப்படுத்தாத உணவுகள். இனிப்பு அதில் கிடையாது. இதன் சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது என்று டேவிஸே எழுதியிருக்கிறார். பிஸ்கெட்டும் சிப்ஸும் எட்டும் இடத்தில் இருந்துவிட்டால் இந்தச் சுதந்திரம் பயன் தராது. இந்த வயதுக்கு இடியாப்பம், குழிப்பணியாரம், பிடிகொழுக்கட்டை, பனீர்த் துண்டு, சிறு கேழ்வரகு அடை, கொண்டைக்கடலையை நசுக்கித் தட்டிய கட்லெட் எல்லாம் பொருந்தும். நடந்துகொண்டோ ஓடிக்கொண்டோ தின்ன விடுவதுதான் கூடாது.

முதல் பிறந்தநாள் விருந்தில் கைக்குழந்தை முதல் கொள்ளுத்தாத்தாவரை ஒரே மேசையைச் சுற்றி இருப்பார்கள். எல்லோருக்கும் ஏற்ற பண்டமாகப் பணியாரத்தை மிஞ்சுவது கடினம். ஒரே மாவில் முதல் ஈடு உப்பும் காரமும் இல்லாமல், துருவிய கேரட்டோடு. அடுத்த ஈடு வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு தாளித்து. இலங்கைத் தமிழர் வீட்டு விருந்துகளில் கட்டாயம் இடம்பெறும் மீன் கட்லெட்டையும் ரோல்ஸையும் இவ்வாறே இரு வகையாகச் செய்யலாம். அம்மிணிக் கொழுக்கட்டையைச் சிறுவருக்குத் தட்டையாக அழுத்திவிட வேண்டும். சுண்டலை மசிக்க வேண்டும். பல்குத்தும் குச்சியில் செருகிய பண்டங்களைக் குழந்தைகள் கூடும் இடத்தில் வைக்கவே கூடாது. இரண்டு மணி நேர மாலை விருந்தென்றால் பெரியவருக்கு 6 முதல் 8 துண்டும் சிறுவருக்கு 3, 4 துண்டும் கணக்கிட்டால் சரியாக இருக்கும்.

விருந்துப் பண்டத்தில் சுவைக்கு நிகரான கவனம் நேரத்துக்கும் தேவை. சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். சென்னையின் மே மாதத்துக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. சாண்ட்விச்சுக்குள் தடவ அதற்குப் பதிலாக, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரில் புதினா சேர்த்துக்கொள்ளலாம். பண்டங்களை எல்லாம் ஒரேயடியாக மேசையில் பரப்பாமல், அரைமணிக்கு ஒரு தட்டாக அடுக்களையிலிருந்து கொண்டுவருவது நல்லது. மேசையில் நேரம் கடந்து கிடந்தவற்றை ஒதுக்கிவிட்டு, அடுக்களையில் தொடப்படாமல் மீந்தவற்றை மட்டும் குளிர்பெட்டியில் எடுத்துவைக்க வேண்டும்.