விலைமாதரும் மருத்துவமனையின் வாயிலும்

நோயுற்றோர் மருத்துவரை நாடுவது இயல்பு. ஆயினும் பாலியல் தொழிலில் உள்ள சகோதரிகளுள் பலர் கருப்பை நோய், கருச்சிதைவு, மகப்பேறு ஆகியவற்றிற்கும் மருத்துவமனையை அணுகத் தயங்குகின்றனர். இதற்குக் காரணம் அறியாமையே எனச் சிலர் கூறுவர். வரலாற்றை நோக்குவோமாயின் அவ்விடை போதாது என்பது தெளிவாகும்.

பிரித்தானிய அரசு பால்வினை நோய்களைக் குறித்து 1868இல் இந்தியாவிற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி இப்பெண்கள் தம் பெயரைப் பதிவு செய்யவும், குறித்த நாள்களில் உடற்பரிசோதனைக்கு உட்படவும் வேண்டும். நோய் காணப்படின் தனி மருத்துவமனையில் அடைக்கப்படுவர். படைவீரரின் உடல்நலமே அதன் முதன்மை நோக்கம். அவர்களிடம் வந்த ஆடவர் எவரும் இவ்வாறு பரிசோதிக்கப்படவில்லை. இங்கிலாந்தில் இத்தகைய சட்டங்களை எதிர்த்து 1869 முதல் போராடியவர் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மனைவியாகிய ஜோசபின் பட்லர். அங்கு அவை 1886இலும், இந்தியச் சட்டம் 1888இலும் நீக்கப்பட்டன.

சட்டம் நீங்கிற்று; மனப்பாங்கு நீங்கவில்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமோனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா இப்பெண்களிடம் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அவ்வாறே. மருத்துவத்திற்கு அது பெரும்பேறு. ஆனால் தொற்றுடைய பெண்கள் சிலர் தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தனர். நீதிமன்றத்தின் வழியாகவே 1990இல் விடுதலை பெற்றனர். சிகிச்சை தேடி வருவோரை அடைத்துவைக்கும் இடம் மருத்துவமனை என எண்ணியவர்கள் அதனை அஞ்சியதில் வியப்பென்ன?

இன்றும் தடைகள் மூவகையின. முதலாவது, வினாக்கள். கணவர் பெயர் என்ன, கையொப்பமிட அவர் எங்கே என்ற கேள்விகளே பலரைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது, பார்வை. இப்பெண்ணைத் தொற்றைப் பரப்புபவளாக மட்டுமே காணுமிடத்தில், கருத்தடை, பேறுகாலக் கவனிப்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆகியவை மறக்கப்படுகின்றன. மூன்றாவது, ஊர். காரைக்காலை அடுத்த தலத்தெரு போன்ற ஊர்களில், யார் எவ்வாயிலில் நின்றார் என்பது மாலைக்குள் பரவிவிடும். ஆகவே அறிமுகமற்ற தொலைவூரை நாட வேண்டியதாகிறது. ஒவ்வொரு முறையும் புது இடத்திற்குச் செல்பவளுக்குத் தொடர் கவனிப்பு எவ்வாறு கிட்டும்?

சட்டமோ இன்று அவர்கள் பக்கம் நிற்கிறது. கருக்கலைப்பிற்குப் பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் இசைவே போதும். கணவரின் கையொப்பம் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இசைவின்றிப் பரிசோதிப்பதையும் பாகுபாட்டையும் தடுக்கிறது. 2022 மே 19 அன்று உச்சநீதிமன்றம் பாலியல் தொழிலாளரைக் கண்ணியத்துடன் நடத்தவும், முகவரிச் சான்று இல்லாதோர்க்கும் ஆதார் அட்டை கிடைக்க வழிசெய்யவும் பணித்தது. இச்செய்தி உரியவரைச் சென்றடையாதவரை அது ஏட்டுச் சட்டமே.

பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணை மாற்கு 5ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவள் மருத்துவரிடம் பொருள் முழுவதையும் இழந்தவள். கூட்டத்தில் மறைந்தே வந்தவள். ஆண்டவர் அவளது வாழ்க்கை வரலாற்றை விசாரித்த பின் குணமாக்கவில்லை. குணமடைந்தவளை மகள் என்றழைத்தார். இவ்வரிசையைத் திருச்சபை அடிக்கடி தலைகீழாக்கிவிடுகிறது. மனந்திரும்புதலைச் சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக்குவது நம் பணியன்று.

ஆயர் செய்யத்தக்கவை எளியவை. நம்மை நம்பிச் சொல்லப்பட்டதை வேறெவரிடமும், ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பமாகவும்கூட, வெளியிடாதிருத்தல். அவள் விரும்பினால் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல நம்பிக்கைக்குரிய பெண் ஒருவரை ஏற்படுத்துதல். நம் மிஷன் மருத்துவமனைகளின் பதிவேட்டில் கணவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பினும் சிகிச்சை தாமதமாகாதபடி நிர்வாகத்தாரிடம் வலியுறுத்துதல். நாம் கதவைத் திறந்து வைத்திருப்பது மட்டும் போதாது. உள்ளே வருபவள் அச்சமின்றி வெளியே செல்லலாம் என்னும் உறுதியையும் அவளுக்கு அளித்தல் வேண்டும்.