சிறு பணமும் நல்ல கிற்றாரும்

2023ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒருநாட் காலை, என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் எம் வீட்டு விறாந்தையில் வந்து நின்றான். எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். தாய் கொழுந்து பறிப்பவர், தந்தை காலமாகிவிட்டார். உயர்தரப் பரீட்சை எழுதிய பின் மாத்தளைப் பட்டினத்துக் கடையொன்றிற் கணக்கெழுதி வந்தான். கைக்குட்டையில் முடிந்திருந்த பணத்தை என் முன்னே வைத்து, "ஐயா, பதினான்கு மாதமாகச் சேர்த்தேன். ஒரு கிற்றார் வாங்கவேண்டும். நீங்கள் உடன் வந்தால் ஏமாறமாட்டேன்" என்றான்.

"தமிழ்ப் பண்டிதனுக்கும் கிற்றாருக்கும் என்ன தொடர்பு, தம்பி?" என்றேன்.

"சீவகன் யாழ் தேர்ந்த இடத்தை எங்களுக்குப் படிப்பித்தது நீங்கள்தானே, ஐயா!"

நான் மறுமொழி கூறவில்லை. அப்பொழுது எம் வீட்டு உள்ளறைச் சுவரில் ஒரு கிற்றார் பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனைத் தேர்ந்தவனும் சீவகனைப் படிப்பித்த இந்தப் பண்டிதனே. அந்தக் கதையைச் சொல்லாமற் பிறருக்கு வழி சொல்லப் புகுதல் முறையன்று.

என் இளைய மகள் சாதாரண தரப் பரீட்சையில் நன்கு தேறியபோது ஒரு கிற்றார் கேட்டாள். எந்தக் கடையில் வாங்கினேன் என்பது இங்கு வேண்டா. செந்நிற மெருகு கண்ணைப் பறித்தது; ஒலித்துளையைச் சுற்றிச் சிப்பி பதித்தாற்போன்ற பூவேலை; விலையோ மற்றவற்றிற் பாதி. புடைவையை முந்தானை பார்த்து எடுப்பவர்போல நானும் எடுத்து வந்தேன். நரம்பை ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்தேனல்லேன். மகள் நான்கு மாதம் பயின்றாள். விரல்நுனி கன்றிப் புண்ணாயிற்று. "பழகப் பழக வந்துவிடும்" என்று நான் உபதேசம் செய்தேன். ஒருநாள் அவள் அதனைச் சுவரில் மாட்டிவிட்டு, "எனக்கு இசை வராது, அப்பா" என்றாள். நானும் அதனை நம்பினேன்.

மாணவனின் சொல் அந்த நம்பிக்கையைச் சற்று அசைத்தது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலே, காந்தருவதத்தையின் இசை மண்டபத்திற் சீவகன் முன் யாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரப்படுகின்றன. அவன் மெருகைப் பார்த்தானல்லன். ஒன்றனை நீரில் நின்று இளகிய மரம் என்று தள்ளினான். ஒன்றனை வாட்புண் உற்றது என்றான். இன்னொன்றனை இடியேறு உண்டது என்றான். நரம்பின் முறுக்கினுள்ளே மயிர் புகுந்திருந்ததையும் எடுத்துக் காட்டினான். குற்றமுடையன எல்லாம் கழிந்த பின்னரே ஒன்றனைக் கையில் ஏந்தினான். வகுப்பிலே இதனை நான் நயம்படச் சொல்வதுண்டு; கடையிலே நினைத்தேனில்லை.

யாழின் உறுப்புகளைப் பற்றிய பழைய உரை மரபும் ஒரு நுட்பத்தைத் தருகிறது. பத்தருக்குக் குமிழ், முருக்கு, தணக்கு என்னும் மென்மரங்கள். கோட்டுக்குக் கருங்காலி, கொன்றை என்னும் வன்மரங்கள். அதிரவேண்டிய உறுப்பு இலேசாக இருத்தல் வேண்டும்; நரம்பின் இழுவையைத் தாங்கவேண்டிய உறுப்பு வலிதாக இருத்தல் வேண்டும். கிற்றார் செய்வோரும் இந்நெறியே நிற்கின்றனர். மேற்பலகைக்கு ஸ்புரூஸ், சிடார் முதலிய இலேசான மரங்களை மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு மெலிதாக இழைத்து வைப்பர்; விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி, ஈட்டி போன்ற வன்மரங்களைக் கொள்வர்.

கிற்றார் பிறநாட்டுக் கருவியாயிற்றே எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். வயலினும் அவ்வாறு வந்ததே. பாலுசுவாமி தீட்சிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அதனைக் கருநாடக இசைக்கு இணக்கினார். இன்று அஃதில்லாத கச்சேரி அரிது. ஈழத்திலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் கிற்றாரோடு கூடியே நம் வீடுகளுக்குள் வந்தன. யாழோ நம் கைகளை விட்டு நீங்கிப் பல நூற்றாண்டாயிற்று. அதன் இலக்கணத்தை விபுலாநந்த அடிகளார் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலாக அரங்கேற்றினார். அந்த நூலைப் போற்றுகின்ற நாம், பிள்ளைகள் ஆவலோடு கேட்கும் நரம்புக் கருவியைத் தேர்ந்து கொடுக்கவேனும் அறிந்திருத்தல் நன்றன்றோ?

சிறு பணம் உடையார் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ டி டொறெஸ் (1817–1892) என்பவர் இன்றைய கிற்றாரின் அமைப்பை வகுத்த பெருந்தச்சர். 1862இல் அவர் ஒரு கிற்றாரின் முதுகையும் பக்கங்களையும் தாளட்டையாற் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். ஒலியின் சிறப்புக்கு மேற்பலகையே முதற்காரணம் என நாட்டுவது அவர் நோக்கம். அக்கருவி பார்சிலோனா இசை அரும்பொருட்சாலையில் இன்றும் உள்ளது. ஆகவே முதுகின் வனப்புக்கும் பூவேலைக்கும் நிறத்துக்கும் கொடுக்கும் பணம் காதுக்குப் பயன்படுவதன்று. 2022இல் நம் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளின் விலை எங்கே சென்றது என்பதை வாங்கியோர் அறிவர். வீணாகும் ஒவ்வொரு ரூபாவும் ஓர் ஏழைப் பிள்ளையின் ஒருநாட் சேமிப்பாகும்.

அடுத்து, நைலோன் நரம்பா, உருக்குக் கம்பியா என்பதை முடிவு செய்தல் வேண்டும். நைலோன் நரம்பு விலங்குக் குடல் நரம்புக்கு மாற்றாக 1940களில் வந்தது. விரலுக்கு மென்மையானது, தொடக்கத்தில் நோவு குறைவு. அதற்குரிய கழுத்து, தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீற்றர் அகலமுடையது. உருக்குக் கம்பிக் கிற்றாரின் கழுத்து 43 மில்லிமீற்றர் அளவே; சிறு கைக்கு அது வாய்ப்பு. ஆனால் அதன் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை எழுபது கிலோகிராமை எட்டும்; நைலோன் நரம்புகளின் இழுவை நாற்பது கிலோகிராம் அளவினது. இதனாலேயே நைலோன் கிற்றாரில் உருக்குக் கம்பி பூட்டுதல் ஆகாது. பூட்டினால் நாளடைவிற் குதிரை பெயரும், மேற்பலகை வீங்கும். தனியே தந்தி மீட்டி இராகம் பயில விரும்புவோர்க்கு நைலோன் ஏற்றது; பாட்டுக்குத் துணையாகத் தட்டி மீட்டுவோர்க்கு உருக்குக் கம்பி ஏற்றது.

நாங்கள் இருவரும் பேருந்திற் கண்டிக்குச் சென்றோம். என் பையிற் பாடசாலை அடிமட்டம் ஒன்று இருந்தது. கடையிலே நீலநிறக் கிற்றார் ஒன்று மாணவனின் கண்ணைக் கவர்ந்தது. அவன் முகத்திலே என் பழைய முகத்தைக் கண்டேன். "தம்பி, முதலில் அளப்போம்" என்றேன். கடைக்காரர் சிரித்தார், தடுத்தாரில்லை.

முதற் சோதனை நரம்பின் உயரம். பன்னிரண்டாம் மெட்டின் மேல் நரம்பு எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்த்தல் வேண்டும். நைலோனாயின் மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர், உருக்காயின் இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர் தகும். பின் முதல் மெட்டில் அழுத்திப் பார்க்க. அங்கே விரல் வருந்துமாயின் தலைப்பக்கத்துத் துண்டின் வெட்டுகள் ஆழம் போதாதவை. நீலக் கிற்றார் ஐந்து மில்லிமீற்றர் காட்டியது. மாணவன் அதனை வைத்துவிட்டான்.

இரண்டாவது, கழுத்தின் நேர்மை. அம்பைப் பார்ப்பதுபோலத் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நோக்குக. மயிரிழை அளவு உட்குழிவு குற்றமன்று. முறுக்கு இருந்தால் விலக்குக. மூன்றாவது, ஆறு நரம்புகளையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி ஒலித்துப் பார்த்தல். எங்கேனும் இரைச்சல் எழுந்தால் அங்கே மெட்டு உயர்ந்தோ தாழ்ந்தோ உள்ளது. மெட்டுகளின் ஓரம் கையைக் கீறுகிறதா என்று உள்ளங்கையாற் கழுத்தைத் தடவியும் பார்க்க.

நான்காவது சுருதிச் சோதனை. பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் நடுவில் உள்ளது. அங்கே ஒலி இரட்டித்து மேற்சட்சம் பிறக்கும். அவ்விடத்தில் நரம்பை மெல்லத் தொட்டு மீட்டிய ஒலியும், அழுத்தி மீட்டிய ஒலியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டும் வேறுபட்டால் அக்கருவி மேல் மெட்டுகளில் என்றும் சுருதி பிசகும். சீவகன் வெறுத்த மயிர் புகுந்த நரம்பு போலப் பழுதான நரம்பும் இக்குற்றத்தைக் காட்டுமாதலின், புது நரம்பு பூட்டிய பின் முடிவு கூறுதல் நியாயம்.

ஐந்தாவது, மரம். ஒலித்துளையின் விளிம்பை நோக்குக. மேலே தெரியும் மரவரி விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. யமஹா நிறுவனத்தின் சி40 ஒட்டுப்பலகையால் ஆனது; எப்ஜி800 முழுப்பலகையை மேலே உடையது. முழுப்பலகையின் ஒலி ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறப்பதுண்டு. எனினும் ஒட்டுப்பலகையை இகழவேண்டா. ஈரமும் வெயிலும் மாறிமாறி வரும் நம் மாவட்டத்தில் அது எளிதில் வெடிப்பதில்லை. நரம்பு உயர்ந்த முழுப்பலகைக் கிற்றாரிலும், விரலுக்கு இணங்கிய ஒட்டுப்பலகைக் கிற்றாரே தொடக்க மாணவனுக்கு நன்று. குதிரைக்குப் பின்னால் மேற்பலகை பெரிதும் வீங்கியிருப்பினும், குதிரையின் அடியிற் காகிதம் நுழையும் இடைவெளி இருப்பினும் வேண்டா எனத் தள்ளுக. இறுதியாக, வேறொருவரை மீட்டச் சொல்லிச் சற்றுத் தொலைவில் நின்று கேட்க.

ஏழாவதாக எடுத்த கருவி முன்னர் ஒருவர் பயன்படுத்திய நைலோன் கிற்றார். அலங்காரம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நீண்ட கீறல் ஒன்று இருந்தது. "ஐயா, இது வாட்புண் உற்றதோ?" என்று மாணவன் நகைத்தான். "புண் பக்கத்தில்தானே, தம்பி, மேற்பலகையில் அன்றே" என்றேன். எல்லாச் சோதனையிலும் அது தேறியது. நரம்பு மட்டும் சிறிது உயரம். விலை அவன் கொண்டுவந்த பணத்துக்குள் அடங்கிப் புது நரம்புக்கும் உறைக்கும் மிச்சம் வைத்தது.

கடைக்காரர் காட்டிய வழியில், கருவி திருத்தும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் நரம்புகளைத் தளர்த்திக் குதிரையின் மேலிருந்த சிறு துண்டைக் கழற்றினார். அதன் அடிப்பக்கத்தை அரத்தாளில் வைத்துத் தேய்த்தார். இங்கே இரண்டு மில்லிமீற்றர் தேய்த்தாற் பன்னிரண்டாம் மெட்டில் ஒரு மில்லிமீற்றர் தாழும் என்று விளக்கினார். அரைமணி நேர வேலை. கூலி, எங்கள் இருவரின் பகற்சாப்பாட்டுச் செலவையும் எட்டவில்லை.

நான் நெடுநேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் எம் வீட்டுச் சுவரிலிருந்த செந்நிறக் கிற்றாரை இறக்கி அவரிடம் கொண்டு சென்றேன். அடிமட்டம் ஆறு மில்லிமீற்றர் காட்டியது. முதியவர் முதல் மெட்டில் அழுத்திப் பார்த்து, "இதில் யார் படித்தார்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "பாவம் பிள்ளை" என்றார், வேறொன்றும் கூறவில்லை. துண்டைத் தேய்த்தார், தலைப்பக்கத்து வெட்டுகளை ஆழமாக்கினார். அது சிறந்த கருவியாகிவிடவில்லை. ஆயினும் விரல் வைக்கத்தக்கதாயிற்று.

அன்றிரவு வவுனியாவில் வாழும் மகளுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் ஒலியில்லை. பின், "பிழை என் விரலில் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன், அப்பா" என்றாள். மாசிமகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் பார்க்க வந்தபோது அதனைத் தன்னோடு எடுத்துச் சென்றாள். அவள் பிள்ளைக்கு இப்பொழுது ஏழு வயது.

வாங்கிய பின்னரும் கவனம் வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை மாத்தளையிற் பெய்யும் மழையில் ஈரச்சுவரிற் கிற்றாரை மாட்டுதல் ஆகாது. அடுப்படியிலும் வெயில் காயும் வாகனத்திலும் வைத்தலும் ஆகாது. உறையில் இட்டு, மீட்டியபின் நரம்பை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தாற் போதும்.

என் மாணவன் இப்பொழுது ஞாயிறுதோறும் தன் லயத்துப் பிள்ளைகள் நால்வருக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கருவி ஒன்றே; முறை வைத்து மீட்டுகிறார்கள். பெற்றோர்க்கு நான் கூறுவது இதுவே: ஒரு பிள்ளை தனக்கு இசை வராது என்று கருவியைக் கீழே வைக்குமாயின், பிள்ளையைக் குறை கூறுமுன் ஓர் அடிமட்டத்தை எடுத்து நரம்பை அளந்து பாருங்கள்.