கட்டிலுக்கு அடியில் ஒரு நண்பன்!

வீட்டுக்கு ஒரு நாய் வரப்போகிறது என்று அப்பா சொன்னதும் என்ன செய்வீர்கள்? வாசலிலேயே காத்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு நண்பர்களை எல்லாம் கூப்பிட்டு வைப்பீர்கள். பெயர்கூட முடிவு செய்துவிடுவீர்கள். மணி!

மணி வருகிறது. ஆனால், வந்த வேகத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. பிஸ்கட் போட்டாலும் வரவில்லை. தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் அசையவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம். 'இதுக்கு என்னைப் பிடிக்கலை போலிருக்கு' என்று உங்கள் முகம் வாடிப் போகிறது.

அப்படி நினைக்காதீர்கள் குட்டீஸ். மணிக்கு உங்களை இன்னும் தெரியாது, அவ்வளவுதான்!

இரண்டு குட்டிகளில் தொடங்கிய கதை

தெருவில் அடிபட்டும், பட்டினி கிடந்தும், வளர்த்தவர்களால் கைவிடப்பட்டும் தவிக்கும் நாய்களை மீட்டு, சிகிச்சை தரும் அமைப்புகள் சென்னையில் பல உண்டு. அவற்றில் ஒன்று 'புளூ கிராஸ்'. 1959-ல் சென்னையில் பெருமழை. தெரு வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் குடும்பம் தொடங்கியதுதான் இந்த அமைப்பு. கிண்டி - வேளச்சேரி சாலையில் இதன் காப்பகம் இருக்கிறது. இப்படிப்பட்ட காப்பகங்களிலிருந்து நாய்களைத் தத்தெடுத்து வளர்க்கலாம்.

ஆனால், காப்பகத்திலிருந்து வரும் நாய், கடையில் வாங்கிய பொம்மை அல்ல. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. யாரோ கல்லால் அடித்திருக்கலாம். வண்டி மோதியிருக்கலாம். அதை நம்மிடம் சொல்ல அதற்கு வாய் இல்லை.

ஏன் இவ்வளவு பயம்?

உங்கள் வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஹாரன், ஸ்டேஷனில் மின்சார ரயில், தலைக்கு மேலே மீனம்பாக்கத்து விமானம். போதாததற்கு வீட்டுக்குள் மிக்ஸியும் குக்கர் விசிலும்! நமக்கு எல்லாம் பழகிப்போன சத்தம். மணிக்கு எல்லாமே புதுசு. அதன் காதும் நம் காது மாதிரி இல்லை. ஒரு நொடியில் சுமார் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிதான் நமக்குக் கேட்கும். நாய்க்கோ சுமார் 45,000 வரை கேட்கும்!

வாசனையும் அப்படித்தான். நம்மைவிடப் பல ஆயிரம் மடங்கு மோப்ப சக்தி அதற்கு. புது வீட்டில் ஒவ்வொரு மூலையும் அதற்கு அந்நிய வாசனை. கட்டிலின் அடிதான் அதற்குக் கிடைத்த ஒரே பத்திரமான இடம். அங்கிருந்து இழுக்கலாமா? கூடவே கூடாது!

வால் சொல்லும் சேதி

நாய் உடம்பால் பேசும். வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வது, காதுகளைப் பின்னால் மடக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது... எல்லாம் 'எனக்குப் பயமா இருக்கு' என்பதுதான். தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவதும், பசிக்காதபோது உதட்டை நக்குவதும்கூடப் பயத்தின் அடையாளமாக இருக்கலாம்.

'உர்ர்' என்றால்? 'கிட்டே வராதே' என்று மரியாதையாக எச்சரிக்கிறது. அதற்காகத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும். பயம் மட்டும் போகாது. அடுத்த தடவை எச்சரிக்காமலே கடித்துவிடலாம். உறுமினால் மெதுவாக விலகி வந்துவிடுங்கள்.

மூன்று... மூன்று... மூன்று!

நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பதற்றம் தணிய 3 நாள். வீட்டுப் பழக்கம் பிடிபட 3 வாரம். 'இது என் வீடு' என்று நம்ப 3 மாதம். சில நாய்களுக்கு இன்னும் அதிக காலம் ஆகும்.

முதல் சில நாள் விருந்தாளிக் கூட்டம் வேண்டாம். அமைதியான மூலையில் பழைய புடவையோ சாக்கோ விரித்து, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். காப்பகத்தில் சாப்பிட்ட அதே சாப்பாட்டை, தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை உண்டு. பெரியவர் ஒருவர் அறையில் இருக்க, மணியிடமிருந்து சற்றுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். நேருக்கு நேராக வேண்டாம், பக்கவாட்டில். கண்ணையே உற்றுப் பார்க்காதீர்கள். மெல்லிய குரலில் தமிழ்ப் பாடத்தைப் படியுங்கள். அவ்வப்போது ஒரு துண்டு இட்லியை அதன் பக்கம் உருட்டி விடுங்கள். எழுந்து போய்விடுங்கள். மறுநாளும் இதேதான்!

ஒருநாள் மூக்கு மட்டும் வெளியே வரும். இன்னொரு நாள் உங்கள் கையை முகர்ந்து பார்க்கும். அப்போதும் கட்டிப்பிடிக்க வேண்டாம். தலைக்கு மேலே கை வந்தால் அடிக்க வருவதாக நினைக்கும். தானே நெருங்கி நின்றால், மார்பில் மெதுவாகத் தடவுங்கள். போதும்.

பயந்த நாய் சட்டென்று ஓடிவிடும். அதனால் கேட்டை எப்போதும் மூடி வையுங்கள். கழுத்துப் பட்டையில் வீட்டு போன் நம்பரை எழுதி மாட்டச் சொல்லுங்கள். தீபாவளி சமயத்தில் இருட்டும் முன்பே வெளியே அழைத்துப் போய் வந்துவிட வேண்டும். ஜன்னலை மூடி, வீட்டுக்குள் மெல்லப் பாட்டுப் போட்டால் வெடிச் சத்தம் கொஞ்சம் குறையும்.

மறுபடியும் நம்புமா?

குரோம்பேட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கிறது குன்றத்தூர். 2016 ஜூலையில், ஒரு குட்டி நாயை ஒருவர் மாடியிலிருந்து தூக்கி வீசிய வீடியோ நாட்டையே பதற வைத்தது. எலும்பு முறிவோடு அது உயிர் பிழைத்திருந்ததைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் விலங்கு ஆர்வலர்கள். 'பத்ரா' என்று பெயர் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். பிறகு சென்னையில் ஒருவர் அதைத் தத்தெடுத்தார். காயப்படுத்தியதும் மனிதர், காப்பாற்றியதும் மனிதர்!

இதை மறக்காதீர்கள். 'ஒரு வாரம் ஆச்சு, இது சரிப்பட்டு வராது' என்று திருப்பி அனுப்பினால், மணி இரண்டாவது முறையாக வீட்டை இழக்கிறது. அதனால், கூட்டி வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று மாதம் காத்திருக்கத் தயாரா? தயார் என்றால் மட்டும் கூட்டி வாருங்கள்.

என்றாவது ஒரு மாலை, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடி நீங்கள் கேட்டைத் திறப்பீர்கள். கட்டிலுக்கு அடியில் யாரும் இருக்க மாட்டார்கள். வாசலில் ஒரு வால் ஆடிக்கொண்டிருக்கும்!

ஞாபகம் இருக்கட்டும்!

* தெரியாத நாயை, சாப்பிடும் நாயை, தூங்கும் நாயைத் தொடாதீர்கள்.

* சாக்லேட், வெங்காயம், திராட்சை நாய்க்கு ஆகாது.

* நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும்.

* எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும் வீட்டில் மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள்.

* 1885-ல் பிரான்சில் லூயி பாஸ்டர் வெறிநோய்த் தடுப்பூசியை முதலில் போட்டது யாருக்குத் தெரியுமா? ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு. அவன் பிழைத்துக்கொண்டான்!