ஃபேன் ஓடியும் போகாத வெக்கை

இங்கிலாந்து மாதிரி குளிர்நாட்டில் வருமானம் குறைந்த குடும்பத்துக்கு ஒரு பெரிய பயம் உண்டு. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது. குற்றாலத்துக்குக் கிழக்கே உள்ள ஆலங்குளத்தில் அதே பயம் பங்குனியில் வரும். இங்கே வீட்டைச் சூடாக்க எந்த இயந்திரமும் வேண்டாம், தலைக்கு மேலே இருக்கும் காங்கிரீட் தளமே போதும். அந்தச் சூட்டைத் தாங்க வீட்டில் இருப்பது பதினைந்து வருடத்துப் பழைய ஃபேன் ஒன்று. சித்திரை பிறக்கும்போது பார்த்து அதுவும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

பலர் உடனே புது ஃபேன் வாங்கக் கடன் கேட்கிறார்கள். சிலர் பழைய ஏ.சி. விலைக்கு வருகிறதா என்று விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் நூறு ரூபாயிலும் சில நூறு ரூபாயிலும் முடியக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை முதலில் செய்து பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபேனிலிருந்து தொடங்கலாம். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எந்த நேரத்தில் அப்படி ஆகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். காலையில் நன்றாக ஓடி, இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் தளர்ந்தால் பழுது ஃபேனில் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்குகிறது. மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே ஃபேன் மோட்டாரின் சுழற்றும் விசை அதைவிட அதிகமாகக் குறையும். இதற்கு மின்வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. அக்கம்பக்கத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு புகாராகப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மரில் சுமை கூடியிருக்கிறது என்பதை ஒரு வீட்டுப் புகாரைவிட ஒரு தெருவின் புகார் தெளிவாகக் காட்டும்.

நாள் முழுக்க மெதுவாக ஓடினாலோ, சுவிட்சைப் போட்டதும் சுற்றாமல் 'உம்ம்' என்று முனகினாலோ, கம்பால் தள்ளிவிட்டால்தான் சுற்றினாலோ பெரும்பாலும் கண்டன்சர்தான் போயிருக்கும். ஃபேனின் மேல்மூடிக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு ஒயரோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதன்மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும், சில ஃபேன்களில் 3.15. வெக்கையில் கிடந்து கிடந்து வருடக்கணக்கில் அதன் கொள்ளளவு தேய்ந்துகொண்டே வரும். 2.5 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஒன்றரைதான் மிஞ்சியிருக்கும். ஃபேனுக்குக் கிளம்பும் தெம்பு போய்விடும். புதுக் கண்டன்சர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மாற்றப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பழைய பெட்டியில் என்ன எண் இருந்ததோ அதையே வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் வேகமாக ஓடும் என்று சிலர் சொல்வார்கள். காயில் சூடாகிக் கெட்டுப்போவதுதான் அதில் நடக்கும்.

முனகிக்கொண்டு நிற்கும் ஃபேனை அப்படியே விட்டுவிடக் கூடாது. சுற்றாத மோட்டாருக்குள் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் காயில் எரிந்துவிடும். நூறு ரூபாயில் தீர வேண்டிய பழுது பல நூறு ரூபாய்க்கு வளர்வது இப்படித்தான். கையை வைக்குமுன் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, மெயினையே நிறுத்த வேண்டும். பழைய வீடுகளில் ஒயர் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் மேலே மின்சாரம் இருக்கும். இரும்புக் கட்டில் மேல் ஏறி நின்று ஃபேனைத் தொடவே வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது. கூப்பிடும்போது, "தம்பி, காயில் எரிஞ்ச வாடை இல்ல, கண்டன்சரை மட்டும் முதல்ல பாருங்க" என்று சொல்லுங்கள். நேரமும் பணமும் மிச்சம்.

கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். அதுவும் சின்னச் செலவுதான். ஐந்தில் வைத்தால் மட்டும் ஓடுகிறது, மற்ற எண்களில் நிற்கிறது என்றால் ரெகுலேட்டர். ஃபேன் ஆடினால் இறக்கையை வளைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், மேலே கொக்கியிலும் கம்பியிலும் உள்ள போல்ட்டைப் பாருங்கள். தளம் போடும்போதே பதித்த கொக்கி துருப்பிடித்து மெலிந்திருந்தால் அந்த ஃபேனுக்குக் கீழே யாரையும் படுக்க விடக் கூடாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நிறைய வீடுகளில் மூலையில் ஒரு டேபிள் ஃபேன் கிடக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கி ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டரோடு அரசு கொடுத்த விலையில்லா மின்விசிறி அது. 'ஓடல' என்று ஓரங்கட்டியதில் பல, புஷ் காய்ந்து இறுகியதால் நின்றவைதான். தண்டு கையால் சுற்றக் கடினமாக இருந்தால் தூசியைத் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுச் சுற்றிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் ஆகாது, சில நாளில் பிசினாக இறுகிவிடும். இந்த டேபிள் ஃபேன் எதற்கு உதவும் என்று பிறகு சொல்கிறேன்.

காயிலே எரிந்துவிட்டால்? ரீவைண்டிங் செய்யலாமா, புதிது வாங்கலாமா என்று கேட்பார்கள். கேட்கும் கூலி ஒரு சாதாரணப் புது ஃபேன் விலையில் பாதிக்கு மேல் போனால் புதிது வாங்குங்கள். பாதிக்குக் கீழ் என்றால், செம்புக் கம்பிதான் சுற்ற வேண்டும் என்று கறாராகச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். மிக மலிவான புது ஃபேன்களில் அலுமினியக் கம்பி வருவதுண்டு. பழைய கனத்த ஃபேனின் உடல் அதைவிட அதிக நாள் உழைக்கும்.

கடையில் போய் நின்றால் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்கள், கரண்ட் பில் பாதியாகிவிடும் என்பார்கள். பொய்யில்லை, ஆனால் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கணக்கைப் போட்டே பார்ப்போம். பழைய ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் அதே நேரம் ஓடினால் 29 யூனிட். மிச்சம் 43 யூனிட்.

தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஆனது. ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, ஒரு டி.வி. உள்ள வீடு அந்த நூறுக்குள்ளேயே நின்றால், 3,000 ரூபாய் ஃபேன் வாங்கியதால் பில்லில் ஒரு பைசாவும் குறையாது. நூறுக்கும் இருநூறுக்கும் நடுவே இருக்கும் வீட்டுக்கு, 2024 ஜூலைக் கட்டணப்படி யூனிட் 2.35 ரூபாய். அதாவது ஒரு பில்லுக்குச் சுமார் 100 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்பி வர ஐந்து வருடம், அதுவும் வருடம் முழுக்க 16 மணி நேரம் ஓடினால். இருநூறைத் தாண்டிய வீட்டுக்கு யூனிட் 4.70 ரூபாய், இரண்டரை வருடத்தில் பணம் வந்துவிடும். உங்கள் பழைய பில்லை எடுத்து யூனிட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். எந்த ஃபேன் வாங்கினாலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஏ.சி. பற்றியும் ஒரு வார்த்தை. இன்வெர்ட்டர் இல்லாத ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். வீட்டின் மற்றச் செலவும் சேர்ந்தால் 500 தாண்டும். தாண்டிய உடனே, கீழ்ப்படியில் 2.35 ரூபாயாக இருந்த யூனிட்டுகளுக்கும் 4.70 என்று கணக்கு மாறும். வாங்கும் விலையை எப்படியாவது புரட்டிவிடலாம். பில்தான் வருடக்கணக்கில் கழுத்தை நெரிக்கும்.

இனி தலைக்கு மேலே பார்ப்போம், மூல காரணம் அங்கேதான் இருக்கிறது. 2010-இல் வந்த கலைஞர் வீடு, 2011-இல் வந்த பசுமை வீடு, 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் என்று குடிசைகள் காங்கிரீட் வீடுகளாகிக்கொண்டே வருகின்றன. மழைக்கு ஒழுகாது, தீக்குப் பயமில்லை. அந்த நிம்மதியின் அருமை ஓலைக்கூரைக்குள் ஒரு ஐப்பசி கழித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதில் காங்கிரீட் தளம் தோசைக்கல்தான். மத்தியானம் இரண்டு மணி வெயில் தளத்தின் மேல்பக்கத்தைச் சுட்டால், அந்தச் சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வெளியே குளிரத் தொடங்கும் இரவு எட்டு மணிக்கு உள்ளே தளம் கொதித்துக்கொண்டிருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. 'ஒரே அவிச்சலா இருக்கு, ஃபேன் போட்டா அனல் காத்து' என்று சொல்வது இதைத்தான்.

இதற்குக் குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் மருந்து தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடித் தளத்துக்கு, சுண்ணாம்பு அடிப்பது. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும். 2010 வெயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த அகமதாபாத், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. பின்னாளில் ஏழைகளின் வீட்டுக்கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதோடு சேர்ந்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. கனவு இல்லத்தின் காங்கிரீட் தளம் 300 சதுர அடி. அவ்வளவு இடத்துக்குச் சுண்ணாம்பு, கொஞ்சம் வெள்ளை சிமெண்ட், பிடிமானத்துக்குக் கொஞ்சம் பசை எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பிரஷ் பிடிக்க வீட்டில் ஆள் இருந்தால் கூலியும் இல்லை.

முதலில் தளத்தைப் பெருக்கிக் கழுவ வேண்டும். விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசி அடைத்துக் காயவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை நனைத்து, முதல் பூச்சை நெடுக்கு வாட்டிலும், அது காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்கு வாட்டிலும் அடியுங்கள். வெயில் நேரத்தில் அடித்தால் சீக்கிரம் காய்ந்து உதிர்ந்துவிடும். கல் சுண்ணாம்பு வாங்கித் தாளித்தால் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத தட்டட்டியில் பின்பக்கமாக நடந்துகொண்டே அடிக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஏறவே கூடாது, உடைந்து உள்ளே விழுந்துவிடுவீர்கள். அந்த வீடுகளுக்கு உள்பக்கம் ஓரடி இடைவெளி விட்டு ஓலைப்பாயைத் தட்டிபோல் கட்டலாம், அடுப்பு எரியும் பக்கம் மட்டும் வேண்டாம்.

மாசிக் கடைசியில் அடித்தால் இந்தப் பக்கத்துக்குக் கணக்கு சரியாக வரும். குற்றாலத்தில் ஆனி, ஆடியில் கொட்டும் சாரல் ஆலங்குளம் வருவதற்குள் வெறும் காற்றாகிவிடும். இங்கே பெருமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை பூச்சு நிற்கும். வருடத்துக்கு ஒரு தரம் திரும்ப அடிக்க வேண்டும். சிலர் சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அதிலும் பலன் உண்டு, ஆனால் குடிக்கவே குடத்தோடு நிற்கும் மாதத்தில் அதற்குத் தண்ணீர் ஏது? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அடியுங்கள். செலவில் பாதியை வாடகையில் கழிக்கக் கேட்டுப் பார்க்கலாம்.

காற்று விஷயத்தில் இந்த ஊர் கொடுத்துவைத்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனியிலிருந்து புரட்டாசி வரை வீசும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். வீடு கட்டப்போகிறவர்கள் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னலும் அதற்கு நேர் எதிரே ஒரு திறப்பும் விடுங்கள். நான்கு மாதத்துக்கு ஃபேனுக்கு வேலை குறையும். மேல்காற்று வராத பங்குனி முதல் வைகாசி வரைதான் சோதனைக் காலம். அப்போது காலை பத்து மணிக்கு மேல் ஜன்னலை மூடி, வெயில் விழும் பக்கம் சாக்கோ பழைய சேலையோ வெளிப்பக்கமாகத் தொங்கவிடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே போடும் திரையைவிட வெளியே போடுவதுதான் சூட்டைத் தடுக்கும். பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, அந்த டேபிள் ஃபேனை ஜன்னலில் உள்நோக்கி வையுங்கள். தளத்துச் சூட்டைச் சுற்றிச் சுற்றி அடிக்கும் சீலிங் ஃபேனோடு இதுவும் சேர்ந்தால் அறை சீக்கிரம் ஆறும்.

ஆலங்குளம் வட்டாரத்தில் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களில் பெரும்பங்கு பீடி சுற்றும் பெண்கள். மடியில் சுளகு, அதில் தூளும் நறுக்கிய இலையும். ஃபேன் போட்டால் தூள் பறக்கிறது, நனைத்த இலை காய்ந்து ஒடிகிறது. அதனால் நடுமத்தியானத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டச் சுற்றுகிறார்கள். இந்த உழைப்பை யாரும் வெயிலில் செய்யும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். டேபிள் ஃபேனைப் பின்பக்கம் தரையில் வைத்து, காற்று முதுகில் மட்டும் படும்படி சாய்த்தால் சுளகுக்குப் போகும் காற்று வெகுவாகக் குறையும். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, தோலில் உள்ள ஈரத்தை உலர்த்தித்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. ஆள் இல்லாத அறையில் சீலிங் ஃபேன் ஓடுவதில் ஒரு பயனும் இல்லை. அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் காற்று உடம்பில் சூட்டைத்தான் ஏற்றும். அந்த நேரத்தில் வேப்பமர நிழலோ, பக்கத்து ஓட்டு வீட்டுத் திண்ணையோதான் நல்ல இடம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் வயசாளிகளையும் கைக்குழந்தைகளையும் வெப்பம் சத்தமில்லாமல் தாக்கும். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ, மயங்கிச் சரிந்தாலோ அது வெப்பத் தாக்கு. படுத்தால் சரியாகும் என்று விடக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருவதற்குள் நிழலுக்குத் தூக்கிப் போய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.