கொம்பனித்தெருவில் ஒரு மூதின்முல்லை

புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டொன்றை இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். பிறந்த வீட்டான் ஒருவன் (தந்தை என்பார் சிலர், தமையன் என்பார் சிலர், அவ்வழக்கு இங்கு வேண்டா) முன்னைய போரிலும், கணவன் அடுத்த போரிலும் மாண்டுபோக, மீண்டும் பறையொலி கேட்டவுடன் ஒரே மகனைத் தலைவாரி, வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகின்ற தாயைப் பற்றியது. துறை மூதின்முல்லை. இதனைச் சொல்லுங்கால் என் குரல் சற்றே உயர்ந்துவிடும் என்பது என் மாணாக்கர் அறிந்த செய்தி.

மூன்றாண்டுகளுக்கு முன் இப்பாடம் முடிந்த அன்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். “ஐயா, நானும் படையிற் சேரப் போகின்றேன். எங்கள் பாட்டனார் படையில் இருந்தவர். அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாருமே படையினர். அந்தப் பேரை நான் காக்க வேண்டும்” என்றான். அவன் மலாயர் குலத்துப் பிள்ளை, வீடு கொம்பனித்தெரு. நானோ சாவகச்சேரியான். சாவகர் சேரியே சாவகச்சேரி ஆயிற்று என்பர். மணிமேகலை கூறும் சாவக நாட்டு மக்களின் வழியினர் போலும் இவன் முன்னோரும். ஆனால் அப்பொழுது என் நினைவுக்கு வந்தது மணிமேகலை அன்று. 2000ஆம் ஆண்டுப் போரிலே எங்கள் ஊர் பாழ்பட்டபோது ஒரு கைப்பையோடு வெளியேறியவன் நான். ‘நல்லது, தம்பி’ என்று சொல்ல நா எழவில்லை.

மறுவாரம் அவன் தாய் பள்ளிக்கு வந்தார். “நீங்கள்தானே மாஸ்டர் அந்தப் பாட்டைப் படிப்பித்தது?” என்று கேட்டார். அவருடைய தமையன் அதே 2000ஆம் ஆண்டில் ஆனையிறவிலே மாண்டவராம். எங்கள் வீட்டிலிருந்து சில கல் தொலைவு! பாட்டிலே வரும் தாய் அனுப்பினாள்; இந்தத் தாய் தடுத்துத் தரும்படி என்னிடம் வந்து நின்றார்.

ஆதலின் ஒரு ஞாயிறு மாலை கொம்பனித்தெருவுக்குச் சென்றேன். ஒல்லாந்தக் கொம்பனியை நினைவூட்டும் பெயர் அது. ஆங்கிலேயர் வழங்கிய பெயரோ அடிமைத் தீவு. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடம். ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்று அங்குள்ள தெருப்பெயர்களே ஒரு படையின் வரலாற்றைச் சொல்லும்.

ஒல்லாந்தரிடம் சேவகம் செய்த மலாயரை, 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் தம் படையிற் சேர்த்துக்கொண்டனர். 1827 முதல் அப்படைக்கு இலங்கை ரைபிள் படை என்று பெயர். ஆள் தேடி 1850களில் மலாயாக் கரைவரை சென்றும் பயன் சொற்பமே. எனவே படையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் படைவீரரின் பிள்ளைகளே. பாட்டன் நின்ற வரிசையிற் பேரன் நிற்பது அங்கே பெருமை மட்டுமன்று, வாழ்க்கை முறையுமாகும்.

அவர்களுடைய வாய்மைக்குச் சான்றும் உண்டு. 1803இல் கண்டியில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது, ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தன் பக்கம் வருமாறு அழைத்தும், மலாயர் தளபதி நூருதீன் மறுத்துத் தம் உடன்பிறந்தாரோடு கொலையுண்டார். ஆனால் எதிரே அரசனுக்காக நின்ற சாங்குங்லோவும் மலாயரே. எந்தப் பாட்டனின் பேரை எந்தப் பேரன் காப்பது?

1872இல் அவர்கள் தமக்கெனக் கிரிக்கெட் கழகம் தொடங்கினர். மறு ஆண்டே, 1873இல், படை கலைக்கப்பட்டது. வீரர்கள் பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்புப் படை என்று சிதறினர். அச்சமூகத்தவரான பாபா யூனூஸ் சல்தீன் என்பார் 1869இலேயே ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் வெளியிட்டார்; பிற்காலத்தில் தம் குடும்பம் கடல் கடந்து வந்த கதையைச் செய்யுளாகவும் பாடிவைத்தார். முன்னோரைப் போற்ற அதுவும் ஒரு வழி. பண்டிதனாகிய எனக்கு அதன்மேலேயே பற்று மிகுதி என்பதை ஒளிப்பானேன்?

இவற்றையெல்லாம் மனத்திலே அடுக்கிக்கொண்டுதான் அவ்வீட்டுப் படியேறினேன். பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுவரிலே சீருடையில் அவருடைய படம். அருகே மாண்ட மகனின் படம். பேரன் சுவரோரமாய் நின்றான். நான் சுற்றி வளைத்துப் பேசியதைப் பெரியவர் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், நான் போனது சம்பளத்துக்கு. என் பாட்டனார் போனதும் சம்பளத்துக்குத்தான் இருக்கும். மரியாதை பிறகு வந்தது. என் மகன்தான் என்னைப் பார்த்துப் போனான்.” பின்பு பேரனை நோக்கி, “எனக்காகப் போகாதே. உனக்காகப் போவதென்றால் போ” என்றார்.

அவன் போய்விட்டான். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

சென்ற நோன்புப் பெருநாளன்று விடுப்பில் வந்தவன், தாயோடு என் வீட்டுக்கு வட்டலப்பம் கொண்டுவந்தான். சீருடையில் இல்லை. ஆயினும் அவனைக் கண்டதும் என்னையறியாமல் எழுந்து நின்றேன். அவன் என் பேரப்பிள்ளையோடு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கையில், தாய் மெல்லிய குரலில் கேட்டார்:

“மாஸ்டர், அந்தப் பாட்டிலே அந்தப் பிள்ளை திரும்பி வந்தானா?”

“பாட்டில் அது இல்லை, அம்மா” என்றேன்.