கூடங்குளம் வேலையைக் கணினியில் அடுக்குவது எப்படி? – சந்தேகங்களும் விளக்கங்களும்

ராதாபுரம், வள்ளியூர், அஞ்சுகிராமம் வட்டாரத்தில் அணுமின் நிலைய வேலையை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். துணை ஒப்பந்தம் எடுப்பவர்கள், ஸ்டோரில் கணக்கு எழுதுபவர்கள், படிப்பு முடித்து வேலை தேடும் சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் என்று எல்லோர் காதிலும் இ.ஆர்.பி., டபிள்யூ.பி.எஸ்., பேஸ்லைன், சர்வீஸ் என்ட்ரி ஆகிய வார்த்தைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பெரிய கட்டுமான வேலை நடக்கும் எந்த ஊரிலும் இவற்றை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. 'சிஸ்டத்தில் இன்னும் ஏறவில்லை' என்ற பதிலோடு சிறு ஒப்பந்ததாரர் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும், பக்கத்து ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இ.ஆர்.பி. என்பது என்ன? எக்செல்லில் எழுதிவைத்தால் போதாதா?

ஒரு லோடு சிமென்ட் ஸ்டோருக்கு வந்து இறங்குகிறது. கையிருப்பு கூடுகிறது, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பணம் கூடுகிறது, அது எந்த வேலைக்காக வந்ததோ அந்த வேலையின் செலவும் பின்னால் கூடப்போகிறது. எக்செல்லில் ஸ்டோர்காரர் ஒரு தாளும், அக்கவுன்ட்ஸ் பிரிவு ஒரு தாளும், சைட் இன்ஜினியர் ஒரு தாளும் வைத்திருப்பார்கள். மாதக் கடைசியில் மூன்றும் ஒத்துப்போகாது. இ.ஆர்.பி. மென்பொருளில் ஒரே பதிவு மூன்று இடத்திலும் ஏறும். பணம், பொருள், ஆள், நாள் ஆகிய நான்கையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் அதன் வேலை.

1972-ல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.பி. இந்தத் துறையில் பெரிய பெயர். கால அட்டவணைக்கு 1983-ல் அமெரிக்காவில் பிறந்த பிரிமவேரா. 2008-ல் அதை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. நம் பக்கத்திலேயே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் ப்ராஜெக்ட் மென்பொருள் விற்கிறது. பெரிய கட்டுமானங்களில் நாள் கணக்கு ஒரு மென்பொருளிலும் பணக் கணக்கு வேறொன்றிலும் இருப்பது வழக்கம். இரண்டையும் இணைப்பது வேலைகளுக்குக் கொடுக்கப்படும் குறியீட்டு எண். அந்த எண்ணை முதல் நாளே ஒழுங்காக அமைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உதவாது.

அப்படியானால் ஒரு ப்ராஜெக்டை உருவாக்கும்போது முதலில் செய்ய வேண்டியது என்ன?

முழு வேலையையும் மரம்போல் கிளை பிரிப்பது. டபிள்யூ.பி.எஸ். என்று சொல்வது இதைத்தான். மேலே முழுத் திட்டம், அதன் கீழ் பெரும் பகுதிகள், கடைசியில் ஒரு மேஸ்திரியிடம் 'இதை முடி' என்று ஒப்படைக்கக்கூடிய அளவுக்குச் சிறிய வேலை.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. கூடங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே திட்டமிடப்பட்டவை தலா 1,000 மெகாவாட் திறனுள்ள 6 அலகுகள். அரசின் நிதி ஒப்புதல் இரண்டிரண்டு அலகுகளாகச் சேர்த்தே வந்தது. 3, 4 அலகுகளுக்குச் சேர்த்து 39,849 கோடி ரூபாய். 5, 6 அலகுகளுக்குச் சேர்த்து 49,621 கோடி ரூபாய். காலக் கணக்கோ தனித்தனி. மூன்றாம் அலகின் முதல் கான்கிரீட் 2017 ஜூனில் விழுந்தது. நான்காவதற்கு அதே ஆண்டு அக்டோபரில். ஐந்தாவதற்கு 2021 ஜூன், ஆறாவதற்கு டிசம்பர். பணம் ஜோடியாகவும் நாள் தனியாகவும் ஓடுகிற திட்டம் இது. மரத்தின் மேல்கிளையில் ஜோடியை வைத்து, அதன் கீழ் ஒவ்வொரு அலகையும் தனிக் கிளையாக்கினால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

இரண்டு அலகுக்கும் பொதுவான வேலைகளை எங்கே வைப்பது? மூன்றாம் அலகின் கீழ் வைத்தால் அதன் செலவு வீங்கித் தெரியும். நான்காவது மலிவாகத் தோன்றும். ஆகவே பொது வேலைக்குத் தனிக் கிளை வேண்டும். 3, 4 அலகுகளின் பொதுச் சேவைப் பணிகள் 2018-ல் சுமார் 1,081 கோடி ரூபாய்க்குத் தனி ஒப்பந்தமாகவே விடப்பட்டன.

பலரும் செய்யும் பிழை, சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று துறைவாரியாக மரத்தை வெட்டுவது. அலுவலகத்துக்கு அது சௌகரியம். ஆனால் 'டர்பைன் கட்டடம் எப்போது தயார்?' என்று கேட்டால் மூன்று துறையும் தத்தம் பங்கைச் சொல்லும், கட்டடத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கட்டி ஒப்படைக்க வேண்டிய பொருளை வைத்துப் பிரித்து, துறைகளை அதற்குக் கீழே கொண்டுவருவதே சரி. மின்நிலையங்களில் இதற்கு உதவியாக ஜெர்மனியில் உருவான கே.கே.எஸ். என்ற அடையாள முறை உண்டு. அதன்படி அணுஉலைக் கட்டடம் யு.ஜே.ஏ.; டர்பைன் கட்டடம் யு.எம்.ஏ. வரைபடத்திலும், கொள்முதல் ஆணையிலும், ஸ்டோர் சீட்டிலும், பின்னாளில் பராமரிப்புப் பதிவேட்டிலும் ஒரே குறியீடு இருந்தால், இருபது ஆண்டு கழித்து வரும் இன்ஜினியரும் அந்தப் பம்பின் வரலாற்றைத் தேடி எடுத்துவிடலாம்.

எவ்வளவு சிறிதாகப் பிரிக்கலாம்?

கடைசித் துண்டுக்குப் பொறுப்பானவர் ஒருவர், அளக்க ஓர் அலகு, செலவுக்கு ஒரு தலைப்பு. இம்மூன்றும் கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் வேலை செய்வதை விட்டுவிட்டு எல்லோரும் பதிவு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை கணினியும் இருந்தும் கூடங்குளம் ஏன் தாமதமானது?

வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி.

ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988 நவம்பரில் ஒப்பந்தம் செய்தார்கள். சோவியத் யூனியன் சிதறியதால் வேலை நின்றது. 1998-ல் துணை ஒப்பந்தம், 2002-ல் கட்டுமானம். முதல் அலகு 2007 டிசம்பரில் முடியும் என்றார்கள். வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பர் 31-ல். இரண்டாம் அலகு 2008 டிசம்பருக்குப் பதில் 2017 மார்ச் 31-ல். இரண்டுக்கும் சேர்த்து 13,171 கோடி என்று தொடங்கிய செலவு, 17,270 கோடியாகி, பின்பு 22,462 கோடியானது. நீண்டு போகும் திட்டத்தில் சிமென்ட், கம்பி விலையோடு கடனுக்கான வட்டியும் செலவில் ஏறிக்கொண்டே போகும். வட்டி நாள்கணக்கில் ஏறுவது. அதனால்தான் நாளையும் பணத்தையும் ஒரே மரத்தில் கட்ட வேண்டும் என்கிறோம்.

காரணங்களில் ஒன்றாக அரசு சொன்னது, ரஷ்யாவிலிருந்து சாதனங்கள் வரிசைப்படி வரவில்லை என்பது. முதலில் பொருத்த வேண்டியது பின்னாலும், பின்னால் வேண்டியது முன்னாலும் வந்தால், துறைமுகத்துக்கு வந்த டன் கணக்கு அழகாக இருக்கும், கட்டடம் நகராது. இங்குதான் கிரிட்டிக்கல் பாத் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் பிறந்த முறை அது. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று தொடரும் வேலைச் சங்கிலிகளில் மிக நீளமானது எதுவோ, அதுவே திட்டத்தின் முடிவு நாளைத் தீர்மானிக்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தள்ளினால் முடிவும் ஒரு நாள் தள்ளும். மற்றச் சங்கிலிகளில் கொஞ்சம் இடைவெளி இருக்கும்.

2023 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த மிதவை, கூடங்குளம் கடற்கரை அருகே பாறையில் சிக்கியது. ஒவ்வொன்றும் 300 டன்னுக்கு மேல் எடை. ஓர் அலகுக்கு இத்தகைய கலன்கள் நான்கு வேண்டும். செய்தி படித்த எல்லோரும் 'இதனால் எத்தனை நாள் தாமதம்?' என்று கேட்டார்கள். அதற்கான பதில் மிதவை எத்தனை நாள் சிக்கியிருந்தது என்பதில் இல்லை. கலனைப் பொருத்த வேண்டிய நாளுக்கும் அது வந்திறங்கும் நாளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதில் இருக்கிறது. இடைவெளி ஓராண்டு என்றால் மீட்புச் செலவோடு போயிற்று. ஒரு வாரம்தான் என்றால் திட்டமே தள்ளிப்போகும். அட்டவணையை ஒழுங்காக வைத்திருப்பவர் இதை அன்றைக்கே சொல்லிவிட முடியும்.

மென்பொருளில் ஏற்ற முடியாத காரணங்களும் உண்டு. 2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து. அந்த ஆண்டிலிருந்து இடிந்தகரை மக்கள் நடத்திய நீண்ட போராட்டம் கேட்டது பாதுகாப்பையும் வாழ்வாதாரத்தையும் பற்றி. அதை அட்டவணையில் 'வெளிக் காரணத்தால் தடை' என்று ஒரு வரியாக எழுதிக் கடந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. சுற்றியிருக்கும் மக்களிடம் விளக்குவதும், வெளியேறும் ஒத்திகை நடத்துவதும், சாலை அமைப்பதும் திட்ட மரத்தில் பொறுப்பாளர், தேதி, பணம் ஒதுக்கிய கிளைகளாக முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இப்பகுதிக்கு 500 கோடி ரூபாய்ச் சிறப்புத் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது 2012 மார்ச்சில்தான். கட்டுமானம் தொடங்கிப் பத்து ஆண்டுக்குப் பிறகு.

'70 சதவீதம் முடிந்தது' என்கிறார்களே, எதில் 70?

கேட்க வேண்டிய கேள்வி. செலவழித்த பணத்தில் 70 ஒன்று. அளந்த வேலையில் 70 வேறு. தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயைப் பாருங்கள். 2009-ல் 369 கோடி ரூபாய்த் திட்டமாக, நான்கு கட்டங்களாகத் தொடங்கியது. 75 கிலோமீட்டர் கால்வாயில் பெரும்பகுதி வெட்டப்பட்டிருந்தாலும், நிலம் கையகப்படுத்தாத துண்டிலும் நான்குவழிச் சாலையைக் கடக்கும் இடத்திலும் வேலை முடியாதவரை திசையன்விளைப் பக்கத்துக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் இருந்தது. திறப்பு விழா 2025-ல் நடந்தபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. சதவீதத்தை மட்டும் கேட்காமல், மீதமிருப்பது எந்த வேலை என்று கேளுங்கள்.

வேலையை முடித்துவிட்டேன். பில் ஏன் நிற்கிறது?

எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் அளவு ஏறியதும் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். கணினி முறையில் நடுவே சில படிகள் உண்டு. உங்கள் ஒர்க் ஆர்டரில் உள்ள பி.ஓ.க்யூ. என்ற வேலை அளவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு டபிள்யூ.பி.எஸ். எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். சைட் இன்ஜினியர் அளவைப் பதிவு செய்வார். அதுதான் சர்வீஸ் என்ட்ரி. அவருக்கு மேலுள்ள அதிகாரி அதை ஏற்பார். பிறகுதான் அக்கவுன்ட்ஸ் உங்கள் பில்லை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

நிற்பதற்குப் பெரும்பாலும் காரணங்கள் இவை. ஆணையில் 100 கனமீட்டர். நீங்கள் போட்டது 112. மீதி 12-க்குத் திருத்த ஆணை வரும்வரை சிஸ்டம் ஏற்காது. அல்லது வாய்மொழியாகச் சொல்லிச் செய்யவைத்த கூடுதல் வேலை பி.ஓ.க்யூ.வில் இல்லவே இல்லை. அல்லது அந்தக் கிளையின் பட்ஜெட் தீர்ந்துவிட்டது. அல்லது வேலை முடிந்ததாகக் கருதி அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். மூடிய கிளையில் புதுச் செலவு ஏறாது.

எனவே வேலை தொடங்கும் முன்பே டபிள்யூ.பி.எஸ். எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது விடுவிக்கப்பட்ட நிலையில், அதாவது செலவு ஏற்றத் திறந்த நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடுதல் வேலைக்கு எழுத்தில் உத்தரவு வாங்காமல் ஆளை இறக்காதீர்கள். பில் நின்றால் 'எப்போது வரும்' என்று கேட்பதைவிட 'எந்தப் படியில் நிற்கிறது' என்று கேட்டால் பதில் கிடைக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்வதும் நல்லது. 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களில் மாறுபட்ட தீர்ப்புகள் இருப்பதால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பிரிமவேரா படித்தால் வேலை கிடைக்குமா?

பிளானிங் இன்ஜினியர் வேலைக்கு அது உதவும். ஆனால் ஒரு ராஃப்ட் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்ட எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தெரியாதவர் போடும் அட்டவணை வெறும் வண்ணப் பட்டைதான். ஓராண்டாவது சைட்டில் நின்றுவிட்டுப் படியுங்கள்.

தேதியை மாற்றிக்கொண்டே போகிறார்களே, பொதுமக்களுக்கு எப்படித் தெரியும்?

ஒப்புக்கொண்ட முதல் அட்டவணையை உறையவைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பேஸ்லைன். நடப்புத் தேதி எத்தனை முறை மாறினாலும் அது பக்கத்திலேயே நிற்கும். பேஸ்லைனையே அழித்துப் புதிதாக எழுதும் அலுவலகத்தில் எந்தத் திட்டமும் தாமதமானதாகத் தெரியாது. 3, 4 அலகுகள் முதலில் 2023-ல் முடிய வேண்டியவை. இனி வரும் தேதிகளை அதோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.

150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் முன்னேற்ற அறிக்கையைப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் வெளியிடுகிறது. முதலில் சொன்ன தேதி, இப்போது சொல்லும் தேதி, முதல் செலவு, இப்போதைய செலவு எல்லாம் அதில் உண்டு. அங்கே கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உங்கள் பஞ்சாயத்தில் நடக்கும் சாலை வேலைக்கும் இதே உரிமை உண்டு. கேட்கும்போது திருத்திய தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்; முதல் தேதியையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்.